பெட்டிக்குள் ஒரு பசுவந்தனைக் கல்யாணம்

கோவில்பட்டி,
நவம்பர் 9, ஞாயிறு.

பிரியமுள்ள மாரிசெல்விக்கு, வகுப்பில் உன் இடத்தை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஜெயப்பிரியா எழுதுவது.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பசுவந்தனைக் கல்யாண வீடியோ பத்திரமாக இருக்கிறது. நேற்று நானே திறந்து பார்த்தேன். இதைப் படித்துவிட்டாய் அல்லவா, இனி மீதியைப் பயப்படாமல் படிக்கலாம். போன வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதே எழுதியிருந்தால் விடுதியில் கைபேசியும் இல்லாமல் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்றுதான், எல்லாம் சரியான பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்குமே, நீகூட அதை ரேடியோ என்று நினைத்தாயே, அதில்தான் வினை. அப்பா எடுக்கும் கல்யாணம், சடங்கு, கோவில் கொடை எல்லாம் அதில்தான் சேர்கின்றன. அம்மா கணினியிலிருந்தே அதைத் திறந்து எடிட்டிங் செய்வாள். உள்ளே இரண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள். ஒன்றில் பதிவதெல்லாம் மற்றதிலும் பதியும். வரலாற்றுப் பாடத்தை நாம் இருவரும் தனித்தனி நோட்டில் எழுதி வைப்போமே, ஒருத்தி நோட்டு நனைந்தால் மற்றவளுடையதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று, அந்த மாதிரி. அந்த நம்பிக்கையில்தான் அப்பா உன்னிடம் அன்று வாக்குக் கொடுத்தார்.

அந்த நாளை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மாலை போட உன் அம்மாவுக்கு, எங்கள் வேலுத்தாய் அத்தைக்கு, ஒரு படம்கூட இல்லை என்று உன் மாமா ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். பசுவந்தனையில் யோகலட்சுமி அக்கா கல்யாணத்தில் அத்தை பந்தி பரிமாறியது அப்பாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்த வீடியோவிலிருந்து வெட்டி எடுத்த படம்தான் இப்போது மணியாச்சியில் உன் மாமா வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஊரை விட்டுப் புறப்படும்போது நீ அப்பாவிடம், “அத அழிச்சிராதிய மாமா. நான் இப்ப பாக்கமாட்டேன்” என்று மட்டும் சொன்னாய்.

சரி, நடந்தது இதுதான். ஐப்பசி பிறந்ததிலிருந்து படிக்குக் கீழே ஏதோ கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யு.பி.எஸ். இருப்பதால் அதுதான் கத்துகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். நம் ஊரில் நாலு தூறல் விழுந்தால் கரண்ட் போகும், அது கத்தும், உனக்குத் தெரியாததா. அப்பா புது பேட்டரி வாங்கிப் போட்டார். அதற்கும் சத்தம் நிற்கவில்லை. “புது பேட்டரியும் அழுவுது. நம்ம வீட்டு ராசி அப்படி” என்று சொல்லிவிட்டு அம்மா மாவாட்டப் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஈரத்துணியால் தூசி துடைத்தேன். பெட்டியின் முகப்பில் டிஸ்க் செருகும் இரண்டு தட்டுகளுக்கும் கடுகளவில் ஆளுக்கொரு விளக்கு உண்டு. ஆயுத பூஜைக்கு அம்மா கேமரா, ட்ரோன் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பெட்டிக்கும் வைத்தாள், அளந்து வைத்ததுபோல் அந்த இரண்டு விளக்குகளின் மேலேயே. துணி பட்டுச் சந்தனம் உரிந்தது. மேல் விளக்கு பச்சை, கீழ் விளக்கு சிவப்பு. கத்தியது பெட்டிதான். கீழ் டிஸ்க் செத்துப்போய்ப் பல நாள் ஆகியிருக்கிறது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் அசரவில்லை. “பொட்டு வைக்கிற எடத்துல கொண்டுபோய் லைட்ட வச்சது யாரு தப்பு?” என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த டிஸ்க்கும் செத்ததோடு சேர்த்து ஒரே நாளில் வாங்கியது. அத்தனையும் அது ஒன்றின் தயவில் நின்றது.

அப்பாவோடு நானும் கிட்டு அண்ணனின் கணினிக் கடைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்தது. “வெல ஏறிக் கெடக்கு அண்ணாச்சி. அதே அளவுல ஒண்ணு மட்டும் போடுங்க. எடம் பத்தலன்னா பழைய கல்யாணத்தையெல்லாம் தட்டி விடுங்க. ஆல்பம் குடுத்தாச்சுல்லா, பெறவு என்ன” என்றார். அவர் சொன்னது ஊர் வழக்கம்தான். வீடியோவைக் கையில் கொடுத்து ஒரு வருஷம் ஆனால் அப்பாவும் மூலப் பதிவை அழித்துவிடுவார். ஆனால் எடிட் செய்து கொடுத்த வீடியோவில் அத்தை இல்லை. பந்தியில் பெண் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடுவதோடு அம்மா வெட்டியிருக்கிறாள். அத்தை இருப்பது மூலத்தில் மட்டும்தான். அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன்.

அதற்குள் அப்பாவே, “தட்டவெல்லாம் முடியாதுடே. ரெண்டும் பெருசாவே குடு” என்றார். கிட்டு அண்ணன், “அப்ப புது லென்ஸு?” என்று கேட்டார். “லென்ஸு கெடக்கு” என்றார் அப்பா. வண்டியில் வரும்போது, நான் கேட்காமலே, “மாரிட்ட சொல்லிருக்கம்லா” என்றார். அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். “செத்தத உருவுங்க. மாத்தி உசுரோட இருக்கத உருவிட்டிய, கத முடிஞ்சது” என்று கிட்டு அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். நான் பெட்டியின் கையேட்டை இறக்கி முழுதும் படித்தேன். கணினித் திரையில் பழுதான டிஸ்க்கின் வரிசை எண் தெரிந்தது. பெட்டியை நிறுத்தி, கீழ்த் தட்டை இழுத்து, டிஸ்க்கில் அச்சடித்திருந்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். நான் வாசிக்க அப்பா “ஆமா, ஆமா” என்றார். பிறகு புதியதைப் பொருத்திப் பெட்டியை மறுபடி ஓட விட்டோம். விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாம் நகலாக ஆரம்பித்தது.

பாதி நகலாவதற்குள் கடம்பூர்ப் பக்கம் மின்னியது. மத்தியானமே வீடு இருண்டுவிட்டது. இடி என்றால் அம்மா வீட்டில் ஒரு பிளக்கையும் விட்டுவைக்க மாட்டாள், நீ பார்த்திருக்கிறாய். டிவி, மிக்சி, கணினி, இணையப் பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டே படியடிக்கு வந்தாள். நான் குறுக்கே நின்றுவிட்டேன். இந்த நேரத்தில் கரண்ட் நின்றால் பழைய டிஸ்க் மறுபடி எழும் என்று என்ன நிச்சயம்? “ஏட்டி, தள்ளு. இடி விழுந்தா ஒம் பெட்டி மட்டும் பொழைக்குமோ?” என்றாள். அவள் சொன்னதும் நியாயம். ஆனாலும் நான் நகரவில்லை.

அப்பா வந்தார். யு.பி.எஸ்.ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். “இப்ப செவுத்துக்கும் பெட்டிக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. பேட்டரி தாங்குத வரைக்கும் ஓடட்டும்” என்றார். தண்டமாக வாங்கிய புது பேட்டரி அப்படி வேலைக்கு வந்தது. கணினியும் அணைந்திருந்ததால் எவ்வளவு முடிந்தது என்று பார்க்க வழியில்லை. மூன்று பேரும் படியில் உட்கார்ந்து கடுகளவு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். யு.பி.எஸ். கத்தியது, வெளியே மழை கொட்டியது. அம்மாதான் முதலில் எழுந்தாள். “சிமிட்டுதது நின்னு போச்சே, செத்துட்டா?” என்று பதறினாள். கையேட்டைப் படித்த எனக்குத்தான் தெரியும். முடிந்தால்தான் சிமிட்டாமல் நிற்கும். நான் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் வெயில் அடித்ததும் மேல் டிஸ்க்கையும் பெரியதாக மாற்றினோம். இரண்டும் பெரியதான பிறகு திரையில் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்தால்தான் புது இடம் கணக்கில் சேரும். அதை என்னையே அழுத்தச் சொன்னார் அப்பா. இப்போது பெட்டியில் பாதிக்கு மேல் காலி. பசுவந்தனைக் கல்யாணத்துக்கு மட்டும் இன்னொரு நகல் எடுத்து, தங்கப்பாண்டியன் சித்தப்பா வீட்டுப் பீரோவிலும் வைத்துவிட்டார்.

பள்ளியில் அரையாண்டுப் பாடங்கள் முடிகிற தறுவாயில் இருக்கின்றன. மழையில் கரிசல் மண் அப்பிச் சைக்கிள் சக்கரமே சுற்றவில்லை, இரண்டு நாளாக நடந்துதான் போகிறேன். போன இரண்டு கடிதங்களுக்கு நீ பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. காலாண்டு விடுமுறைக்கும் நீ இந்தப் பக்கம் வரவில்லை. அதற்கும் கோபம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று அப்பா சொன்னதால், நேற்று அந்த இடத்தை நான் ஓட விட்டேன். அத்தை சாம்பார் வாளியோடு வருகிறார். கேமராவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “என்னைய எதுக்கு எடுக்கிய அண்ணாச்சி, பொண்ணப் போய் எடுங்க” என்று சிரிக்கிறார். சுவரில் இருக்கும் படத்தில் அத்தை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறார் என்று உன் மாமா குறைப்பட்டார் அல்லவா? அவர் ஏன் அந்தப் பக்கம் திரும்பினார் என்று இப்போது எனக்குத் தெரியும். “ஏட்டி மாரி” என்று உன்னைக் கூப்பிடத் திரும்புகிறார். அன்று நீயும் அவரோடு போயிருந்தாய் போலிருக்கிறது.

அதற்கு மேல் நான் ஓட விடவில்லை. அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அது உன்னிடம் சொன்னது.

அரையாண்டு விடுமுறைக்கு வா. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டாம், எங்கள் வீட்டில் சும்மா இருந்துவிட்டுப் போ. ஆனால் வா, மாரி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
ஜெயப்பிரியா