மறைந்திருந்த ஃபங்ஷன்

21-8-1996, புதன்

ஸ்டீபனிடம் இன்று விடையைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது. இந்த சி பிளஸ் பிளஸ் புரோகிராம் ஓடினால் இங்கே அவன் படிப்பு முடிந்தது, அப்புறம் வர மாட்டான்.

பேஸ் கிளாஸில், அதாவது அப்பன் ஸ்தானத்தில் இருக்கும் கிளாஸில், எழுத்துகளை அச்சிட ‘பிரிண்ட்’ என்று ஒரு ஃபங்ஷன், ஒரு வேலைக்கான கட்டளைகளின் தொகுப்பு. அதன் வாரிசான கிளாஸில் எண்களை அச்சிட அதே பெயரில் இன்னொன்று எழுதியிருந்தான். புதியது பழையதை மறைத்துவிட்டதால், எழுத்தைக் கொடுத்தால் பிழை காட்டியது.

“இன்னா இது மேரி, அப்பன் சொத்து புள்ளைக்கு வர மாட்டேங்குது?” என்று என்னைக் கேட்டான்.

சொத்து அங்கேயேதான் இருக்கிறது. அழைக்கும்போது பேஸ் கிளாஸின் பெயரையும் சேர்த்தால் வந்துவிடும். ஆனால் நாளையும் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றிருந்தது. “தெரியலியே, நாளைக்குப் பாக்கலாம்” என்றேன்.

“நாளைக்கா? ஆளை வுடு தாயே” என்று சிரித்துக்கொண்டே சாரிடம் போனான்.

அவர் ஒரே வரியில் திருத்திக் கொடுத்தார். புரோகிராம் ஓடியது. ஸ்டீபன் ஆறே கால் வண்டியில் பட்டாபிராமுக்குப் போய்விட்டான்.