என் குரலுக்குப் போட்ட மார்க்

செப்டம்பர் 2007, வெள்ளி

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சென்னையில் ஆடியோ கம்பெனிக்காரர் எங்கள் பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். பாட்டு ஹிட் ஆகுமா என்று அதுவே மார்க் போடுமாம். மட்டமான மார்க். என் குரலை எடுத்துவிட்டு வெறும் மெட்டைப் போட்டதும் மார்க் ஏறியது. அந்தப் பெட்டிக்கு என் தொண்டை பிடிக்கவில்லையாம்.

"வேற பொண்ண பாட வெக்கலாமா?" என்றார்.

மெட்டுப் போட்ட என் புருஷன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரி சார், மாத்திக்கலாம்."

இவருக்கு மெட்டை எழுதி வைக்கத் தெரியாது. ஷிப்ட் முடிந்து வந்து முனகுவார். நான்தான் பாடிப் பாடி மனதில் வைத்திருப்பேன்.

கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் புது மெட்டு ஒன்றை முனகினார். "மறந்துடுவேன், கொஞ்சம் பாடிக்கினே வாயேன்."

"அந்தக் கம்ப்யூட்டராண்ட போய்க் கேளுய்யா" என்று திரும்பிக்கொண்டேன்.

கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் மறந்துவிட்டார். எனக்கு இப்போதும் முழுசாக ஞாபகம் இருக்கிறது. பாட மாட்டேன்.