மூன்றாண்டுப் பழக்கம்

2-2-2025, ஞாயிறு, ஓசூர்
மாலை நான்கு மணிக்குப் பெரியதம்பி வந்தான். சேலம் சிறையில் ஐந்தாண்டுகள் என்னோடு இருந்தவன். விடுதலையாகி இருபது நாளாகிறது. மத்தூரில் அண்ணன் வீட்டில் சேர்க்கவில்லையாம். பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்கிறான்.

வீட்டுக்கார அம்மாள் சரோஜம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு சார், சொந்தமா?" என்றார். தெரிந்தவர் என்றேன். நான் வடக்கே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வருடமாக நினைக்கவிட்டது நான்தான்.

ஞாயிறுதோறும் அவர் தரும் ராகிக் களியைப் பங்கிட்டேன். "வெளிய வந்துமா களி?" என்று சிரித்தான். "ஊரே நம்மளக் களி தின்னவன்னுது. பதினாலு வருசத்துல நான் ஒரு நாளாச்சும் கிண்டியிருப்பனா சார்? வாரம் ஒருக்கா கறிக்கொழம்பு இல்ல வெச்சேன்!"

வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

4-2, செவ்வாய்
இரண்டு நாளாக அந்தச் சமையற்கூடமே நினைவு. புகைக்கு நடுவே துடுப்போடு நிற்பான் பெரியதம்பி. எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. எனக்கு நூலக வேலை, மூன்று அலமாரிகள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டு அட்டை எழுதினேன். பிற்பகலில் கடிதம் எழுதித் தரச் சொல்லி வரிசை நிற்கும். "மொதல்ல அம்மா சாப்ட்டியான்னு போடுங்க சார்." பங்குனியில் முற்றம் முழுக்க வேப்பம்பூ, பெருக்கித் தீராது.

அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், நான் செய்தது உட்பட. இங்கே யாருக்குத் தெரியும்?

சிறையை நினைத்து ஏங்குகிறவன் என்ன மனிதன்? இந்த வரியை அடித்துவிடலாமா — இருக்கட்டும்.

6-2, வியாழன்
பெரியதம்பி ஒரு படிவம் கொண்டுவந்தான். சூளகிரியில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியதையும், அதற்கு உள்ளே இருந்ததையும் முதலிலேயே சொல்லிவிட்டான். மேலாளர் பிரேம்குமார் அதற்காகத் தள்ளிவிடவில்லை. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: உறவினர் அல்லாத, மூன்றாண்டுகளாவது பழகிய ஒருவரின் முகவரியும் கையெழுத்தும். எப்படிப் பழக்கம் என்றும் எழுத வேண்டும். போலீஸ் வந்து விசாரிக்கும். திங்கட்கிழமை கடைசி நாள்.

அவனோடு பழகியவர்கள் எல்லோரும் உள்ளேதானே இருக்கிறார்கள்.

"ஊர்க்காரன்னு போட்ருங்க சார். உங்களுக்கு எதுக்கு வம்பு" என்றான்.

9-2, ஞாயிறு
நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது, போகாத வீட்டுக்கு விசாரிக்கப் போனதாக எழுதினேன். உயிரோடிருந்த மகளை இல்லையென்று வாரிசு அறிக்கையில் கையெழுத்திட்டேன். கேட்டு வந்தவர்கள் அறை வாசலை மறித்து நின்றார்கள், மறுக்கப் பயம். அந்தப் பெண்ணுக்கு நிலம் போயிற்று, எனக்குச் சிறை. எம்.ஏ. படித்த கை.

இப்போது உண்மையை எழுதினால் இந்த அறை போகும். பொய் எழுதி அகப்பட்டால் அவன் வேலை போகும். அறுபத்தெட்டு வயசுல எங்கன்னு போய் வீடு தேடறது? எனக்கு மட்டும் ஏன் இப்படியே வந்து சேருது? முடியாதுப்பான்னு சொல்லிட்டா? சொன்னா அவன் கோவிச்சுக்க மாட்டான். சரிங்க சார்னு போயிடுவான். அதுதான் தாங்காது.

10-2, திங்கள்
எழுதினேன். "சேலம் மத்திய சிறையில் உடனிருந்தவன், 2017 முதல் 2022 வரை." படித்துவிட்டுப் பெரியதம்பி என்னைப் பார்க்காமல் படிவத்தை மடித்துக்கொண்டான்.

13-2, வியாழன்
பிரேம்குமார் போன் செய்தார். "சார், தெரிஞ்சுதான் எழுதினீங்களா? உங்களப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லலியே."
"தெரிஞ்சுதான் எழுதினேன்."
"எத்தன பேருக்கு சமைப்பாரு?"
"எண்ணூறு."
"எங்களுக்கு அறுநூறுதான் சார்" என்றார்.

19-2, புதன்
காவலர் வந்தபோது நான் மருந்துக்கடையில் இருந்தேன். படிவத்தைச் சரோஜம்மாளிடமே காட்டி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பியபோது அம்மாள் தன் மகனிடம் போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவில்லை.

23-2, ஞாயிறு
களி வரவில்லை.

24-2, திங்கள்
சரோஜம்மாள் வாசற்படிக்கு வெளியே நின்றே பேசினார். "மூணு வருசமா கரண்ட் ஆபீஸ் லெட்டர்லருந்து எல்லாம் உங்ககிட்டதான குடுத்துப் படிச்சேன். ஒரு வார்த்த சொன்னீங்களா?"
"தப்புதாம்மா."
"பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம் சார். வர மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்க."

இப்போதும் சார் என்றுதான் சொன்னார். அதையும் குறித்து வைக்கிறேன்.

1-3, சனி
பெரியதம்பிக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. "சூளகிரியில ரூம் பாக்கறேன் சார், ரெண்டு பேருக்கா பாக்கறேன்" என்றான். கேட்கவில்லை, சொன்னான்.

24-4, வியாழன், சூளகிரி
பெரியதம்பி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு ஒருவர் அதே படிவத்தோடு வந்தார். நான் வெளியே வந்த பிறகு சேலம் சிறைக்குப் போய், போன மாதம் விடுதலையானவர். கேண்டீனில் யாரோ என் முகவரியைக் கொடுத்தார்களாம். "நீங்க எழுதித் தருவீங்கன்னாங்க."

முன்பின் பார்த்திராத முகம். எழுத முடியாது என்றேன். மறுக்க இப்போதும் பயம்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். தலையாட்டிவிட்டு எழுந்தார்.

உட்காருங்கள் என்றேன். மூன்று வருடம் பழகியிருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறார்கள், இன்றைக்கு ஆரம்பிக்கலாம் என்றேன்.

"அதுவரைக்கும் வயிறு கேக்குமா சார்?" என்று சிரித்தார். படிவம் கேட்காத வேலை எங்கெங்கே கிடைக்கும் என்று இருவருமாக உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ஏழு இடங்கள்.

பெயர் விஜயகுமார். ஊர் தேன்கனிக்கோட்டை. வயது நாற்பத்தாறு. டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. அடுத்த வியாழன் வருகிறேன் என்றிருக்கிறார்.