வாசலில் சொன்ன சொல்

மார்ச் 12, 2023 – ஞாயிறு

பத்து மணிக்கு என் புருஷன் பினோ கூப்பிட்டான். அவன் வேலை செய்யும் காவோசியுங்கில் மழையாம். இங்கே வெயில். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய வேலைகூட இல்லை. அவன் காலைச் சோறு சாப்பிடும்போது நானும் சாப்பிடுகிறேன். நடுவில் கடல் மட்டும் இருக்கிறது.

கப்பல் பட்டறையில் வெல்டிங் முகமூடி அழுத்தி அவன் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் அது மறைவதில்லை. போன் திரையில் விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பைத்தியக்காரி.

"செப்டம்பர்ல ஒப்பந்தம் முடியுது. வந்துடுவேன், தெலியா."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"போன தடவை ஊர்ல எனக்கு வேலை வச்சிருந்தாங்களா?"

இரண்டரை வருடத்துக்கு முன் அவன் கிளம்பிய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேன் அரை மணி முன்னால் வந்துவிட்டது. அவன் பாதித் தட்டில் எழுந்தான். அவன் அக்கா, மனாங் அடெலினா, தன் தட்டைச் சுழற்றினாள். அவள் வீட்டுக்காரரும் சுழற்றினார். சாப்பாட்டின் நடுவில் ஒருவர் பயணம் கிளம்பினால் மற்றவர்கள் தட்டைச் சுழற்ற வேண்டும், அப்போதுதான் போகிறவர் பத்திரமாகத் திரும்புவார். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் மட்டும் சுழற்றவில்லை. 'இதுதான் கடைசி' என்று சொல்லிவிட்டு மறுபடி கையெழுத்துப் போட்டானே என்ற கோபம். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான் வராமல் இருக்கிறானா? இல்லை என்று தெரியும். ஆனாலும்.

மார்ச் 20

நான் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நகராட்சியில் செயலர் கொன்ராடோ கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து செய்த ஏற்பாட்டில் நம் சான் லாசரோவுக்கு அமெரிக்கர்கள் வருகிறார்கள். பெரிய கப்பல் வந்து நிற்கும்படி ஒரு துறை கட்டப்போகிறார்கள். இடம் இரண்டு: பூந்தா கரைக்கு நேர் எதிரே, அல்லது வடக்கே பாறைப் பக்கம். முடிவு செய்யும் முன் பூந்தாவின் பதினோரு மீனவர் வீடுகளையும் கேட்க வேண்டுமாம். ஆங்கிலமும் வேண்டும், வீட்டுக்காரர்களும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நான்.

"கட்டுமானத்துக்கு வெல்டர் வேணும். உள்ளூர் ஆளுக்குத்தான் முதல் இடம். பட்டியல் என் மேசையிலதான் இருக்கு," என்றார். "உன் புருஷன் என்ன வேலைன்னு சொன்ன?"

அவருக்குத் தெரியாதா என்ன. கரும்பு தின்னக் கூலியா கேட்பேன்? பெயரை நானே எழுதினேன். ருஃபினோ. முதல் வரி.

மார்ச் 23

பதினோரு வீடும் முடிந்தது. கால் வலிக்கிறது. வயிறு வெடிக்கிறது.

வந்த அமெரிக்க அதிகாரி கேப்டன் விட்லாக். உட்கார்ந்தால் முழங்கால் மேசையை முட்டுகிறது. நல்ல மனிதர், வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். பதினோரு வீட்டிலும் அரிசிப் பலகாரம். ஏழாவது வீட்டில் அவர் முகம் பச்சையாகிவிட்டது, அப்போதும் "நல்லா இருக்கு" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. "உங்கள் கரைக்கு எதிரே துறை வந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" எல்லா வீட்டிலும் ஒரே பதில். சிரிப்பு, இன்னும் கொஞ்சம் பலகாரம்.

வீடு தேடி வந்து, நம் மேசையில் சாப்பிட்டவர் முகத்துக்கு நேரே யார் மாட்டேன் என்பார்கள்? மாட்டேன் என்பதை வாசலில்தான் சொல்வோம், கூட்டிவந்த ஆளிடம். பெண் கேட்டு வந்தாலும் அப்படித்தான், படகு கேட்டு வந்தாலும் அப்படித்தான். நடுவில் இருப்பவர் பக்குவமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

கேப்டன் வண்டிக்கு நடந்ததும் ஒவ்வொரு வாசலிலும் என் சட்டைக் கையை ஒருவர் பிடித்தார். மனாங் அடெலினாவும் பிடித்தாள். என்னை அவள் ஆடிங், தங்கை, என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆடிங், நல்ல பையனாத்தான் இருக்கான். ஆனா இந்தக் கரை வேணாம்னு சொல்லிடு. பாறைப் பக்கம் போகட்டும். இங்க படகு இறக்காம நாங்க எங்க போவோம்?"

"சொல்றேன் மனாங்."

அவள் வீட்டுக்காரரும் தலையாட்டினார். பதினோரு வாசலிலும் 'சொல்றேன்' என்றேன்.

வண்டியில் ஏறியதும் கேப்டனே கேட்டார். "வெளியே வந்த பிறகு உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

கேட்டாரே! யாரோ அவருக்கு நம் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

காலையில் கொன்ராடோ சொன்னது காதில் ஒலித்தது. "ஒரே ஒரு ஆட்சேபம் இருந்தாலும் பாறைப் பக்கத்தை முதல்ல இருந்து அளக்கணும். ஆறு மாசம் தள்ளிப்போகும். அதுக்குள்ள உன் புருஷன் அங்க திரும்பவும் கையெழுத்துப் போட்டுடுவான்."

"ஒண்ணும் சொல்லலை சார்," என்றேன்.

மார்ச் 24

தூங்கவில்லை.

ஏப்ரல் 9 – உயிர்ப்பு ஞாயிறு

பினோவிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டும். "நம்ம ஊர்லயே வெல்டிங்கா? மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்றான். நூறு முறை யோசித்துவிட்டேன். மத்தியானம். வாசலில் செருப்புச் சத்தம். இரண்டு பேருக்குச் சோறு. வேறென்ன கேட்கிறேன் நான்?

முப்பத்தாறு வயது ஆகிறது. குழந்தையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவன் இன்று பேசினான். "வந்ததும் பின் அறைக்குக் கூரை மாத்தணும். அது சின்ன அறை. சின்ன ஆளுக்குத்தான் சரியா வரும்." நான் போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் நடித்தேன்.

ஏப்ரல் 21

இரண்டு நாட்டுப் படைகளின் கூட்டுப் பயிற்சி. நான்கு நாள் கடலுக்குப் போகக்கூடாது. சுடும் சத்தத்தில் ஜன்னல் ஆடுகிறது. பினோ சொன்னான்: "பயப்படாதே. இங்க சண்டை வந்தா எங்களை ஏத்திட்டு வர்ற கப்பல் உங்க துறைக்குத்தான் வரும். முதல்ல என்னைப் பார்க்கப்போறது நீதான்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நிமிடம் – ஒரே ஒரு நிமிடம் – வரட்டுமே என்று நினைத்தேன். சண்டை வரட்டும் என்று. மாதாவே, மன்னித்துக்கொள்.

ஜூன் 5

நகர மண்டபத்தில் கூட்டம். கொன்ராடோ அறிக்கையை வாசித்தார். "பூந்தா கரையின் பதினோரு வீடுகளிலும் ஆட்சேபம் எதுவும் இல்லை."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினோரு வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மனாங் கடைசியில் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜூலை 16 – ஞாயிறு

பூந்தா கரையில் கம்பி வேலி போட்டாயிற்று. படகுகளை ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

மனாங் வீட்டு வழியாகப் போனேன். இத்தனை வருடத்தில் அவள் வீட்டைக் கடந்து போகும் யாரையும் 'சாப்பிட வா' என்று கூப்பிடாமல் விட்டதில்லை. இன்று கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 9

தலைநகரிலிருந்து ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். இரண்டு பஸ் நிறைய அவருடைய ஆட்கள். வெல்டர்களும் அதில்தான். கொன்ராடோவிடம் ஓடினேன்.

"பட்டியலைக் கொடுத்தேனே. அவருக்கு அவரோட ஆளுங்கதான் வேணுமாம். நான் என்ன பண்ணட்டும்?"

"முதல் இடம் உள்ளூர் ஆளுக்குன்னீங்க."

"காவல்காரன் வேலை ரெண்டு இருக்கு. வேலியைப் பார்த்துக்கணும். எழுதிக்கட்டுமா?"

பினோ, தன் அக்காவை மறிக்கும் வேலிக்குக் காவல். எழுந்து வந்துவிட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை. எட்டிவிட்டதாக நினைத்து அடுத்தவர் சோற்றைக் கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 3 – ஞாயிறு

கையெழுத்துப் போட்டுவிட்டான். இன்னும் மூன்று வருடம்.

அவர்கள் பட்டறைக்குப் புது வேலை குவிந்திருக்கிறது. ரோந்துப் படகு, ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. ஒருவரையும் விட மறுக்கிறார்களாம். "ஊர்ல வேலை இருந்திருந்தா எப்படியாவது வந்திருப்பேன் தெலியா. வந்து என்ன பண்றது சொல்லு." நெற்றிக் கோட்டைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, "நம்ம ஊருக்கு வந்த அதே சண்டைப் பயம்தான் இங்க வேலையா வந்திருக்கு," என்றான்.

இந்தக் கரையில் அவர்கள் கட்டுவது அந்தக் கரையைக் காக்க. அந்தக் கரையில் அவன் கட்டுவதும் அதற்காகத்தான். நடுவில் நான் போய் பதினோரு வீட்டு வார்த்தையை விழுங்கியது எதற்காக?

நான் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 4

பின் அறைக் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 1 – எல்லாப் புனிதர் நாள்

மாமியார் கல்லறையில் நானும் மனாங்கும். அவள் மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அணைத்தது. நான் கையைக் குவித்து மறைத்தேன், அவள் மறுபடி ஏற்றினாள். இரண்டு மணி நேரம் இப்படியே. செத்தவளோடு இருவரும் பேசினோம், எங்களுக்குள் பேசவில்லை.

நவம்பர் 6

கேப்டன் விட்லாக் மறுபடி வந்திருக்கிறார். முதல் ஆளாகப் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வாசலில் பதினோரு பேர் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக. ஒன்றும் மறக்கவில்லை. மறந்தால்தானே.

எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில் பேனாவை வைத்தார். "அன்னைக்கு நான் கேட்டேனே."

"கேட்டீங்க சார்."

"அப்போ சொல்லியிருந்தா பாறைப் பக்கம் கொண்டுபோயிருப்போம். இப்போ தூண் இறங்கிடுச்சு." திட்டியிருக்கலாம். 'ஏன்' என்று மட்டும் கேட்டார். என் புருஷன் வர வேண்டும் என்றேன். அவர் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும் போல.

நவம்பர் 7

மனாங் வாசலுக்குப் போனேன். உள்ளே கால் வைக்கவில்லை.

"நீங்க சொன்னதை நான் சொல்லவே இல்ல மனாங்."

"தெரியும். சொன்னது போய்ச் சேர்ந்தா பதில் வரும். பதில் வரலையே."

"நேத்துதான் சொன்னேன்."

"மீன் அழுகின பிறகு உப்பு." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "என் தம்பி வரணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? என்கிட்ட கேட்டிருந்தா நானே கரையைக் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீ கேட்கலையே ஆடிங்."

ஆடிங் என்றாள். தங்கை என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்துவிட்டேன்.

டிசம்பர் 29

நகராட்சியில் என் ஆறு மாத ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. "மேலிடத்துல அறிக்கை தப்புன்னு பேசிட்டாங்க. யாராவது ஒருத்தர் போகணும்ல," என்றார் கொன்ராடோ. அவர் போகவில்லை.

ஜனவரி 22, 2024

வேலியில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். காலை நாலு முதல் ஏழு வரை படகு போகலாம். அட்டை காட்ட வேண்டும். தன் கடலுக்குப் போக அட்டை. ஆனாலும் போகலாம்.

இது கேப்டனின் வேலையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 11 – ஞாயிறு

இன்று நான்தான் பினோவைக் கூப்பிட்டேன்.

"நீ வர முடியலன்னா நான் வர்றேன்."

"எங்க?"

"அங்கதான். முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கறாங்க. பயிற்சிக்குப் பேர் கொடுத்துட்டேன்."

திரை உறைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அவன்தான் அசையாமல் இருந்தான்.

ஏப்ரல் 18

இடம் கிடைத்துவிட்டது. காவோசியுங் இல்லை, தைனான். ரயிலில் ஐம்பது நிமிடமாம். இத்தனை வருடக் கடலுக்கு முன்னால் ஐம்பது நிமிடம் எம்மாத்திரம்! ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. போதும்.

மே 14 – செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

வீட்டுச் சாவியைக் கொடுக்கக் காலையில் மனாங் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன்.

"சாப்பிட வா," என்றாள் மனாங்.

பொரித்த கருவாடு, முட்டை, சோறு. நான்கு வாய்கூட இருக்காது. வேன் ஹார்ன் அடித்தது. இருபது நிமிடம் முன்னால். இந்த வேன்காரர்களுக்கு என்ன அவசரமோ. பாதித் தட்டில் எழுந்தேன். யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை. சுழற்றாவிட்டாலும் நான் கேட்க முடியாது. அதற்கு எனக்கு வாய் ஏது?

வாசலில் பெட்டியைத் தூக்கும்போது யாரோ சட்டைக் கையைப் பிடித்தார்கள். மனாங். ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு. சோறும் கருவாடுமாக அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். என் சட்டையை விட்டுவிட்டு அந்தக் கையால் தட்டைச் சுழற்றிக்கொண்டே பேசினாள்.

"பினோகிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவோட படகை வித்துட்டோம். அட்டை, சுத்து வழி, ஏழு மணிக் கணக்கு... இவரால இனி முடியாது. போன்ல சொல்ல எனக்கு மனசு வரல. நேர்ல நீ பக்குவமா சொல்லிடு."

"மனாங்..."

"சொல்வியா?"

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. வேன் திருப்பத்தில் வளையும் வரைக்கும் பார்த்தேன், அவள் நிறுத்தவில்லை.

மே 19 – ஞாயிறு, தைனான்

ரயில் நிலையத்தில் நின்றிருந்தான். நெற்றியில் அந்தக் கோடு. ஓடி வந்தான். அவன் கை என் மேல் படும் முன்பே மனாங் வாசலில் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.