குப்பை என்று எழுதிய பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், தம்பியும் நலம். இந்தக் கடைசி வார்த்தையை எழுதத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன், அதனால் இன்னொரு தடவையும் எழுதுகிறேன், தம்பி நலம்.

போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது பாதிகூடக் காதில் விழுந்திருக்காது, முழுசாகக் கேள். தம்பிக்கு வலிப்பு வந்து, தலையில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்களே, அதைச் சோதித்து வந்த முதல் ரிப்போர்ட் கெட்ட வகை என்றுதான் சொன்னது. அடிக்கடி பார்க்கிற வகைதான், மிஞ்சிப் போனால் ஒன்றரை வருஷம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையையே புரட்டியிருப்பேன். லேபில் இருக்கிற டாக்டரம்மா மட்டும், எனக்கு என்னமோ இடிக்குதும்மா, இருபத்து நாலு வயசுப் பையனுக்கு இது அவ்வளவா வராது, பார்க்க அச்சு அசலா இதே மாதிரி இருக்கிற இன்னொரு கட்டி இருக்கு, ரொம்ப அபூர்வம், மெதுவாத்தான் வளரும், பழைய ஸ்கேன் ஏதாவது வெச்சிருக்கீங்களா என்று கேட்டார்.

கேட்டது யாரிடம்! பத்தாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டானே, அப்போது எடுத்த பிலிம் இருந்தது. எங்கே தெரியுமா? போன தடவை நீ என் அலமாரியை ஒழித்து, குப்பை என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் வைத்தாயே, அந்தப் பையில். நீ கிளம்பியதும் சத்தமில்லாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். பையோடு கொண்டுபோய் நீட்டினேன். டாக்டரம்மா பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், அதே இடத்தில் பயறு அளவுக்கு ஒரு புள்ளி, அன்றைக்கு யார் கண்ணிலும் படாதது. கெட்ட வகை எட்டு வருஷம் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்காதாம். உடனே கட்டியின் மரபணுவையும் சோதிக்க அனுப்பினார், அபூர்வ வகைதான் என்று நேற்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். முழுசாக எடுத்தாயிற்று, இனி ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் மட்டும் போதும். பெரிய டாக்டரே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயே சத்தம் போட்டு அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

தம்பி பழையபடி சேட்டையை ஆரம்பித்துவிட்டான், அக்கா வந்தா அந்தப் பையைத் தலைமேல தூக்கிட்டு வீட்டைச் சுத்தணும்மா என்கிறான். அழுதுகொண்டே டிக்கெட் போட்டாயே, அதைத் தள்ளிப் போட்டு, லீவு கிடைக்கும்போது சிரித்துக்கொண்டு வா. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் தம்பியும் நூறு வயசு நன்றாக இருங்கள். புது ரிப்போர்ட்டையும் அதே பையில்தான் வைத்திருக்கிறேன், நீ எழுதினதை அழிக்கவில்லை. ஒன்று மட்டும் மறக்காதே, வந்தால் என் அலமாரிப் பக்கம் போகக் கூடாது.

இப்படிக்கு,
உன் குப்பைக்காரி அம்மா