காளை முத்திரை பதித்த கண்ணாடிகள்

நீடாமங்கலம்
வியாழக்கிழமை

அன்பு மச்சானுக்கு ஆயிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ரிஃப்காவும் சுகம். குவைத்தில் நீங்களும் உங்கள் தொப்பையும் சுகமா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் கத்துவீர்கள், பிறகு நெட் போய்விட்டது என்பீர்கள். இதைக் குவைத் திரும்புகிற ஜாஃபர் சாதிக் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பத்திரமும் வரும். கடை உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்துதான் வேண்டுமாம். எழுத்துப் பிழைக்குச் சிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தியது உங்கள் மாமனார்.

அறுப்பு முடிந்த வயலில் கபடி நடந்ததே, சென்னையிலிருந்து நடத்துகிற மாநிலப் போட்டித் தொடர், அதற்கு நம் கண்ணாடிக் கடை பெயரில் நன்கொடை கொடுத்தேன். உள்ளூர் கமிட்டி செயலாளர் வீரையன் மைதானத்தில் நமக்கு போர்டு வைத்தார். பகல் ஆட்டம், கொளுத்துகிற வெயில். கூலிங் கிளாஸ் விற்கலாமே என்று நீங்கள் அனுப்பிய பணத்தையெல்லாம் போட்டு ஆறு பெட்டி இறக்கினேன். போட்டியின் காளை முத்திரையை ஒவ்வொரு காதுக் கம்பியிலும் கும்பகோணத்தில் கொடுத்துப் பதிக்க வைத்தேன். கல்யாண மண்டபத்துக்கு அண்டா கொடுத்தால் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கிறோமே, அந்த நினைப்பு. கொடுத்தவருக்கு எங்கேயும் எதையும் போட்டுக்கொள்ள உரிமை உண்டு என்று நினைத்துவிட்டேன். வீரையனும், "டொனேஷன் குடுத்தவங்க நீங்க, தாராளமா போட்டுக்கங்கக்கா" என்றார்.

முதல் நாளே அரைப் பெட்டி விற்றது. கல்லாவில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் போட்டி நடத்துகிற சென்னைக்காரர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது.

மன்னார்குடி வக்கீல் பஞ்சநதம் ஐயாவிடம் ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு, நம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன். அவர், "நன்கொடை குடுத்தா உங்க பேரை அவங்க இடத்துல வைப்பாங்கம்மா. அவங்க முத்திரையை உங்க சரக்குல போட்டு விக்கணும்னா அதுக்குத் தனி லைசென்ஸ்" என்றார். கண்ணாடிக்கான லைசென்ஸை இந்தத் தொடர் முழுக்க ஒரே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். வேறு யார் போட்டாலும் குற்றமாம். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வீரையனுக்கு அதிகாரமே இல்லையாம். பாவம், அவருக்கும் தெரியவில்லை. இப்போது என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார். நானும் விரட்டுவதில்லை, மூச்சு வாங்குகிறது.

முத்திரையை அழித்துவிட்டு விற்கலாம் என்று பார்த்தோம். நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணீரைத் தொட்டு நானும் மகளும் தேய்த்தோம். காளை போகவில்லை, கம்பிதான் வெளுத்தது. "உம்மா, மயிலைக் காளை ஆயிடுச்சு" என்றாள் ரிஃப்கா. சிரித்தோம். அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிடாமலே படுத்துவிட்டோம்.

பத்திரத்தில் இருப்பது இதுதான்: மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் ஒப்படைக்கிறோம், அவர்கள் நொறுக்கிக்கொள்ளலாம், இனி இப்படிச் செய்ய மாட்டோம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை. கடை நிற்கும், கடைக்குள் சரக்கு இருக்காது.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வருவதாகச் சொன்னீர்கள். புதுப் பெட்டி வாங்கி போட்டோகூட அனுப்பினீர்கள். அந்த ரோஸ் கலரைத் தேர்ந்தெடுத்தது யார்? பதினாறு வருஷம் போதும், இனி கல்லாவில் உட்கார்ந்து உன்னை அதட்டுகிறேன் என்றீர்கள். நான்தான் கெடுத்துவிட்டேன். வேலையை விட வேண்டாம் மச்சான். இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசாவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இந்த வரியை எழுதி எழுதி நான்கு தாள் கிழித்தேன்.

பகல் வெயிலில் நின்று வேலை பார்க்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டுப் போன் செய்யும்போது, உடனே சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "அதெல்லாம் முடியாது, நான் வர்றேன்" என்று ஒரு தடவை கோபமாகச் சொல்லுங்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் சொல்லுங்கள்.

உங்கள்
ஆயிஷா