மேசைப் பக்கம் திரும்பும் கேமரா

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புகைமூட்டம். ஆயர் குரோ டோல் சாவடி வரை முன்னால் போகும் காரே தெரியவில்லை. தொண்டை கரகரப்பு.

கேமரா இன்றும் திரும்பியது. பக்கத்திலுள்ள சின்னப் பள்ளிவாசலான சூராவில் அந்தி மக்ரிப் பாங்கு முடிந்து சற்று நேரம். தட்டோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அலமாரி மேலிருந்து கிர்ரென்று சத்தம். வாசலைப் பார்த்திருந்த கண் மெதுவாக என் பக்கம். நாற்காலிக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

கதிர்தான். வேறு யார்? என் மனைவி சரஸ் ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் அவள் தம்பி வந்து மாட்டிய கேமரா. “வீட்டுக்குப் பாதுகாப்பு மச்சான்” என்றான். அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சுங்கை ரம்பாயில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் இன்னும் என்னைப் பார்க்கிறான். பதினாறாம் நாள் அத்தனை சொந்தக்காரர் முன்னால், “எங்கக்காவ இவரு ஒழுங்கா கவனிச்சிருந்தா இருந்திருப்பாங்க” என்றவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு. பல மாதமாக இப்படித்தான். நின்றபடி சாப்பாடு, என் வீட்டில்.

கழற்றி எறியலாம். எறிந்தால், “என்னத்த மறைக்கிறாரு?” என்று ஊரெல்லாம் சொல்வான். கேமரா இருக்கட்டும். அவனுக்கு ஒன்றும் தெரியக் கூடாது.

வாங்க: இருமல் மருந்து, அரிசி, பல்பு (குளியலறை).

ஜூலை 8, செவ்வாய்

மாலை, மலாக்கா டவுன். பாயின் கம்ப்யூட்டர் கடை.

“ஃபயர்வாலா? வீட்டுக்குள்ள பேங்க் நடத்துறீங்களா சார்?”

ஒரு கேமரா வெளியே எதுவும் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

“ஓ, பொண்டாட்டி வச்ச கேமராவா?” என்று சிரித்தார். பாதியில் ஞாபகம் வந்துவிட்டது. “மன்னிச்சுக்குங்க சார். வாய் தவறிருச்சு.”

சாமானைக் காட்டச் சொன்னேன்.

உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. “மோடத்துக்கும் பழைய ரௌட்டருக்கும் நடுவுல இத வைங்க. பழசு சும்மா வைஃபைக்கு மட்டும் இருக்கட்டும். அப்பறம் உள்ள வர்றது, வெளிய போறது எல்லாம் இதத் தாண்டித்தான். ஆனா இன்டர்நெட் லைனோட யூசர் பேரு, பாஸ்வேர்டு வேணும். கம்பெனிக்கு போன் போட்டு கேட்டுக்கங்க.”

ஆபீசில் புது மேலாளர் என் கணக்கைத் திருப்பி அனுப்பினான். கமா சரியில்லையாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் பாலர் பள்ளி.

ஜூலை 10, வியாழன்

அரைநாள் லீவு. வெயில், காற்றே இல்லை.

முதலில் கேபிளைத் தப்பான துளையில் செருகிவிட்டேன். மோடத்திலிருந்து வருவது தனித் துளை, மற்ற நான்கும் வீட்டுப் பக்கம். மாற்றினேன். விளக்கு சிவப்பிலேயே. பெயர், பாஸ்வேர்டு கேட்டது.

கம்பெனிக்குப் போன். நம் தமிழ்ப் பெண்தான் எடுத்தது.

“சார், அக்கவுண்ட் மேடம் சரஸ்வதி பேர்ல இருக்கு. அவங்க பேசணும்லா. இருக்காங்களா?”

வாயில் என்ன வந்ததோ, “குளிக்கிறாங்க” என்றேன்.

“பரவால்ல சார், நான் வெயிட் பண்றேன். கூப்புடுங்க.”

அந்தப் பெண் உண்மையிலேயே காத்திருந்தாள். கைப்பேசியில் ஏதோ பாட்டு ஓடியது. நான் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே இருட்டு. பல்பு இன்னும் மாற்றவில்லை. பாட்டு நின்றது. “சார், வந்துட்டாங்களா?”

வைத்துவிட்டேன்.

பிறகு பழைய ரௌட்டரைத் தூக்கித் துடைத்தபோது, அடியில் ஒட்டிய தாளில் பேனா எழுத்து. சரஸ் எழுதியது. பெயர், பாஸ்வேர்டு, கூடவே கம்பெனியின் லைன் எண். ஒன்றுகூட விடவில்லை. மூன்றையும் பெட்டியில் அடித்தேன். பச்சை.

தாளைக் கிழிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

புகை குறைந்திருக்கிறது. ஆபீசிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியில் விதி போட்டேன்: கேமரா வெளியே எதையும் அனுப்பக் கூடாது, வெளியிலிருந்து எதுவும் அதை அடையக் கூடாது. கேமரா முட்டி முட்டிப் பார்ப்பதும் பெட்டி தடுப்பதும் திரையில் தெரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு சந்தோஷம். முட்டை பொரித்து, மேசையில் தட்டு வைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாங்கு முடிந்தது.

கிர்ர்.

திரும்பியது. நேராக என்னிடம். நின்றது.

பெட்டியைப் பார்த்தேன். தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே யாரும் வர முடியாது. அப்படியானால் கதிர் இல்லை.

முட்டையை அப்படியே போட்டுவிட்டு தெருமுனை மாமாக் ரொட்டிக் கடைக்குப் போனேன். பாதி ரொட்டியோடு எழுந்துவிட்டேன். திரும்பி வந்து எல்லா அறையிலும் விளக்கைப் போட்டேன், குளியலறை தவிர.

ஜூலை 12, சனி

கதிரிடமிருந்து மெசேஜ். “நாளைக்கு அக்கா திதி. நான் வருவேன். நீங்க பேச வேணாம்.”

வீட்டைக் கூட்டினேன். பல்பு மாற்றினேன்.

மாலை வெளியிலேயே சுற்றினேன், பெம்பான் வரை. இருட்டிய பிறகுதான் வீடு.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் மழை. மாலையில் கதிர் வந்தான், மிகவும் இளைத்து. அவன் மனைவி சமைத்த அசாம் பெடாஸ் மீன்குழம்பு, சோறு, வாழையிலை, சரஸுக்குப் பிடித்த ஐஸ் காப்பி, பிளாஸ்டிக் பையில் கட்டியது. பேசாமல் வேலை பார்த்தோம். சாமி மேசையில் இடம் போதவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே இலை போட்டு, என் நாற்காலியில் அவள் படத்தை நிறுத்தினான். நான் தடுக்கவில்லை.

படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம். போனவர்கள் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். பாங்கு கேட்டது, முடிந்தது. சன்னல் கண்ணாடி இடுக்கு வழியே, உள்ளே,

கிர்ர்.

கதிர் நிமிர்ந்தான். “அது இன்னும் ஓடுதா?”

“எது?”

“அக்கா வச்ச டைம் மச்சான். இந்த நேரத்துக்கு மேசைப் பக்கம் திரும்பணும், அப்பறம் வாசலுக்குப் போயிரணும்னு கேமராக்குள்ளயே வச்சிட்டாங்க. ஆஸ்பத்திரி பெட்லேருந்து பாப்பாங்க. ‘உன் மச்சான் சாப்புட்டாருடா’ன்னு எனக்கு மெசேஜ் வரும். நீங்க சாப்புடாத அன்னிக்கு எனக்குத்தான் ஏச்சு, ஏன் போய்ப் பாக்கலன்னு.”

“நீ பாக்கறதில்லையா?”

“அக்கா போன அன்னிக்கே போன்லேருந்து ஆப்ப தூக்கிட்டேன். எதப் பாக்க?”

சரஸ் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனிடம் சொல்லியிருக்கிறாள். இதிலும் அவன்தான் முந்தி.

கைப்பேசி கையில் இருந்தது. விதியை எடுத்தால் போதும், உள்ளே நடப்பதை இங்கேயே பார்க்கலாம். சட்டைப்பையில் போட்டேன்.

“கதவத் தட்டுங்க மச்சான். தட்டிட்டுத்தான் போவணும்.”

தட்டினேன். கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன்.

கேமரா அவள் படத்தைப் பார்த்தபடி நின்றிருந்தது. கதிர் படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “ஒக்காருங்க” என்றான். உட்கார்ந்தேன். அதே இலையிலிருந்து சோறும் மீனும் அள்ளி வைத்தான். முள் எடுக்கும்போதுகூட நான் நிமிரவில்லை. கேமரா வாசல் பக்கம் திரும்பும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, மெதுவாக, சாப்பிட்டேன்.